பரிசு விழுந்த டிக்கெட்டைத் தபாலில் அனுப்பலாமா?

வாசகர் கேள்வி, 12 அக்டோபர் 2025

"அண்ணா, நான் திண்டுக்கல் பக்கம். பாலக்காட்டில் கட்டட வேலைக்குப் போயிருந்தபோது வாங்கிய கேரள லாட்டரி டிக்கெட்டுக்கு ஐந்து லட்சம் விழுந்திருக்கிறது. குலுக்கல் முடிந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை நடந்திருப்பதால் ஊரை விட்டு நகர முடியவில்லை. 'ஸ்பீடு போஸ்ட்டில் திருவனந்தபுரத்துக்கு அனுப்பிவிடு, தொலைந்தால் தபால் துறை முழுப் பணத்தையும் கொடுத்துவிடும்' என்கிறார் நண்பர். அனுப்பிவிடட்டுமா?"

12 அக்டோபர், இரவு

தம்பி, அனுப்பாதீர்கள். இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருக்கிறது. பதறாமல் படியுங்கள்.

முதலில் நண்பர் சொன்னது. ஸ்பீடு போஸ்ட்டில் போட்ட கவர் தொலைந்துபோனால் கிடைக்கும் இழப்பீடு, நீங்கள் கட்டிய கட்டணத்தின் இரு மடங்கு அல்லது ஆயிரம் ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. இந்த அக்டோபர் 1 முதல் வந்திருக்கும் புதிய கட்டணப்படி ஐம்பது கிராமுக்குள் உள்ள கவருக்கு வெளியூர் என்றால் 47 ரூபாய், அதோடு வரி. அதன் இரு மடங்கைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஐந்து லட்சத்துக்கு ஈடாக நூறு ரூபாய்ச் சொச்சம். "முழுப் பணம்" என்ற பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று தெரியவில்லை, ஆனால் இதை நம்பி விலைமதிப்புள்ள காகிதங்களை அனுப்பிவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்றிரவே ஒரு வேலை செய்யுங்கள். டிக்கெட்டின் பின்பக்கத்தில் உங்கள் பெயர், முகவரி, கையெழுத்து மூன்றையும் பேனாவால் எழுதுங்கள். எழுதிய பிறகு இரு பக்கமும் தெளிவாகப் படம் எடுத்து, அம்மாவின் போனுக்கும் அனுப்பி வையுங்கள். கையெழுத்துப் போடாத லாட்டரி டிக்கெட் யார் கையில் இருக்கிறதோ அவருடையது. கையெழுத்து விழுந்த பிறகு அதைத் திருடுபவன் உங்கள் பெயரில்தான் போய் நிற்க வேண்டும்.

13 அக்டோபர்

நேற்று அவசரமாக எழுதியதில் சட்ட நிலையைச் சொல்லவில்லை. பலரும் தபால் துறையை ஒரு வங்கி போல நினைத்துக்கொள்கிறார்கள். 1898ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டத்தின் 6ஆம் பிரிவே, பொருள் தொலைந்தாலும் தவறான இடத்தில் சேர்ந்தாலும் தாமதமானாலும் அரசுக்குப் பொறுப்பு இல்லை, சட்டம் வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட அளவுக்கு மட்டுமே பொறுப்பு என்று சொன்னது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2023ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, 2024 ஜூன் 18 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதிலும் நிலை இதுதான். விதிகளில் குறிப்பிட்ட பொறுப்பு மட்டும் உண்டு. ஊழியர் வேண்டுமென்றோ மோசடியாகவோ செய்தால் அது தனி வழக்கு.

இதைச் சொல்வது தபால் துறையைக் குறைகூற அல்ல. ஒரு நூற்பாலையின் தபால் பிரிவில்தான் என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. காசோலை, பத்திரம், ஒப்பந்தம் என்று நாங்கள் அனுப்பியவற்றில் மிகப் பெரும்பாலானவை ஒழுங்காகவே போய்ச் சேர்ந்தன. மாலையில் அலுவலகம் மூடும் நேரத்தில் ரயில் நிலையத்தை ஒட்டிய ஆர்.எம்.எஸ். (ரயில்வே அஞ்சல் சேவை) கவுன்டருக்கு ஓடினால், அங்கே இருப்பவர்கள் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வார்கள். அவர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் ஒழுங்காகப் போவது வேறு, போகாவிட்டால் யார் ஈடுகட்டுவார்கள் என்பது வேறு. விலைமதிப்புள்ள டிக்கெட் கையில் இருப்பவர் இரண்டாவதைத்தான் கேட்க வேண்டும்.

13 அக்டோபர், மாலை

"அப்படியானால் இன்ஷூர் செய்து அனுப்பலாமே" என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். நல்ல யோசனைதான், ஆனால் இந்த டிக்கெட்டுக்குப் பொருந்தாது.

அஞ்சலகக் காப்பீட்டுக்கு உச்சவரம்பு ஒரு லட்சம் ரூபாய். கிராமத்துக் கிளை அஞ்சலகத்தில் அறுநூறு ரூபாய்க்கு மேல் காப்பீடு எடுக்கவே முடியாது, அதனால் பெரிய தொகை என்றால் துணை அஞ்சலகத்துக்கோ தலைமை அஞ்சலகத்துக்கோதான் போக வேண்டும். ஐந்து லட்சத்தில் ஒரு லட்சத்துக்குக் காப்பீடு எடுத்தால் மீதி நான்கு லட்சம் வெட்டவெளியில் நிற்கும். அந்த ஒரு லட்சமும் கேட்டவுடன் வராது. உள்ளே என்ன இருந்தது, அதன் மதிப்பு என்ன என்று நிரூபிக்க வேண்டியவர் அனுப்பியவர்தான். உண்மையான இழப்புக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது.

குலுக்கலுக்கு முன்னால் அந்த டிக்கெட்டின் மதிப்பு அச்சிட்ட விலைதான். குலுக்கலுக்குப் பிறகு ஒன்றுமில்லாமலும் போகலாம், கோடியாகவும் ஆகலாம். திருவோணம் பம்பர் 500 ரூபாய் டிக்கெட். முதல் பரிசு 25 கோடி. 2023இல் அந்தப் பரிசு வாளையாரில் விற்ற டிக்கெட்டுக்கு, திருப்பூர்க்காரர்கள் நால்வருக்குச் சேர்த்து விழுந்தது. மறு ஆண்டு கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்து மெக்கானிக் ஒருவருக்கு. அந்தக் காகிதத்துக்கு எந்தக் கவுன்டரில் எவ்வளவுக்குக் காப்பீடு எழுதுவார்கள்?

14 அக்டோபர்

தம்பி, உங்களுக்கான வழி வங்கி. ஐயாயிரம் ரூபாய் வரை உள்ள பரிசை கேரளத்தில் லாட்டரிக் கடையிலேயே வாங்கலாம். அதற்கு மேல் என்றால் அரசின் லாட்டரி அலுவலகத்திலோ வங்கியிலோ அடையாளச் சான்றோடு ஒப்படைக்க வேண்டும், குலுக்கல் நாளிலிருந்து முப்பது நாளுக்குள். வங்கி வழி போனால், டிக்கெட்டை எந்தத் தேதியில் பெற்றுக்கொண்டோம் என்று வங்கி ஒரு சான்று எழுதித் தரும்; உங்கள் தரப்பில், பரிசைப் பெற்றுத்தர வங்கிக்கு அதிகாரம் கொடுக்கும் ஒரு கடிதம். அதன் பிறகு அந்தக் காகிதத்தைத் திருவனந்தபுரம் விகாஸ் பவனில் இருக்கும் லாட்டரி இயக்குநரகத்துக்குக் கொண்டு சேர்ப்பது வங்கியின் பாடு.

கணக்கு வைத்திருக்கும் கிளைக்கே போங்கள். ஆதார், பான் அட்டை, புகைப்படம், டிக்கெட்டின் இரு பக்க நகல் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். வெளிமாநிலத்தவரின் ஆவணங்களில் நோட்டரியின் சான்றும் முத்திரையும் கேட்பார்கள். நோட்டரியின் பெயரும் பதிவு எண்ணும் தெளிவாகத் தெரிகிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். மங்கலான ரப்பர் முத்திரையால் திரும்பி வந்த ஆவணங்களை வேலைக்காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

14 அக்டோபர், சற்று நேரம் கழித்து

பான் அட்டை எதற்கு என்று கேட்டீர்கள். பத்தாயிரத்துக்கு மேல் லாட்டரிப் பரிசு என்றால் வருமான வரி முப்பது விழுக்காடு பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். அது உங்கள் பெயரில் வரவு வைக்கப்பட வேண்டும்.

17 அக்டோபர்

பேச்சு லாட்டரியை விட்டு மற்ற டிக்கெட்டுகளுக்குப் போயிருக்கிறது. நல்லது. சென்னையிலிருந்து ஒரு சகோதரி, மகளுக்குக் கிரிக்கெட் டிக்கெட் அனுப்புவது பற்றிக் கேட்டிருக்கிறார். அதற்கு என் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன்.

என் அக்கா மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். சேப்பாக்கத்தில் நடக்கவிருந்த ஓர் ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட் அவன் கைக்கு வந்தது, அவனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. "மாமா, நீங்களும் அத்தையும் போய்வாருங்கள்" என்று கூரியரில் அனுப்பினான். கவர் சொன்ன நாளில் வந்தது. ஓரம் பிரித்து மறுபடி ஒட்டப்பட்டிருந்தது. உள்ளே அவன் எழுதிய கடிதம் மட்டும் இருந்தது.

அந்த நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ரசீதின் பின்பக்கத்துச் சிறிய எழுத்தைக் காட்டி, அனுப்பிய கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவன் டிக்கெட்டுகளைப் படம் எடுத்து வைத்திருந்தான். இருக்கை எண் முதற்கொண்டு எல்லாம் அதில் இருந்தது. அந்தப் படத்தோடு மைதானத்து வாசலில் நின்றேன். காகிதம் இல்லாமல் உள்ளே விட முடியாது என்றார்கள். அவர்கள் சொன்னது நியாயம்தான். எங்கள் இருக்கைகளில் யாரோ உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்திருப்பார்கள். என் மனைவிக்கு அன்று இருந்த ஏமாற்றம் இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது. இந்த இழையில் நான் இவ்வளவு எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிறகு யோசித்தபோது தெரிந்தது: மைதானத்து டிக்கெட்டுகள் பளபளப்பான தடித்த அட்டை. மெல்லிய கவரைத் தடவிப் பார்த்தாலே உள்ளே என்ன இருக்கிறது என்று விரல் சொல்லிவிடும். 2023 உலகக் கோப்பைக்கு மின் டிக்கெட் கிடையாது, காகித டிக்கெட்தான் என்று வாரியம் அறிவித்தது நினைவிருக்கலாம். வீட்டுக்கு வரவழைக்கலாம் அல்லது மையத்தில் போய் வாங்கலாம் என்ற இரு வழிகளும் இருந்தன. இப்படித் தேர்வு இருக்கும்போது, சகோதரி, நேரில் வாங்கும் வழியையே பிடியுங்கள்.

18 அக்டோபர்

நேற்றைய குறிப்புக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. எல்லா டிக்கெட்டும் ஒரே வகை இல்லை.

ரயில் டிக்கெட் விற்கும் ஐ.ஆர்.சி.டி.சி. 2002இல் இணையப் பதிவைத் தொடங்கியபோது, பதிவு செய்தால் டிக்கெட் வீட்டுக்கு வந்து சேரும். ஐ-டிக்கெட் என்பார்கள். மின் டிக்கெட் அதன் பிறகுதான் வந்தது. ஆலையின் மேலாளர்களுக்காக நான் அப்படி வரவழைத்திருக்கிறேன். எங்களுக்கு அதில் பெரிய பயம் இருந்ததில்லை. முன்பதிவு டிக்கெட்டில் இருக்கை குறிப்பிட்ட பயணியின் பெயரில், பயணிகள் அட்டவணையில் (சார்ட்) இருக்கிறது. வேறொருவன் எடுத்துக்கொண்டு என்ன செய்வான்? தொலைந்தாலும் வழி உண்டு. உறுதியான டிக்கெட் என்றால், அட்டவணை தயாராவதற்கு முன் போய்க் கேட்டால் இரண்டாம் வகுப்புக்கும் ஸ்லீப்பருக்கும் 50 ரூபாய், மற்ற வகுப்புகளுக்கு 100 ரூபாய் வாங்கிக்கொண்டு நகல் டிக்கெட் தருவார்கள். அட்டவணை தயாரான பிறகு கேட்டால் கட்டணத்தில் பாதியைக் கட்ட வேண்டும்.

ஆகவே கவரைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் டிக்கெட்டைப் பாருங்கள். அதில் உங்கள் பெயர் இருக்கிறதா? தொலைந்தால் வழங்கியவர் நகல் தருவாரா? இரண்டுக்கும் ஆம் என்றால் சாதாரணமாக ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பலாம். இரண்டுக்கும் இல்லை என்றால் அது பணத்துக்குச் சமம். பணத்தைக் கவரில் போட்டு அனுப்பமாட்டோம் அல்லவா? ரூபாய் நோட்டை இன்ஷூர் செய்யாமல் தபாலில் அனுப்பத் துறையே அனுமதிப்பதில்லை.

பெயர் எழுதக்கூடிய டிக்கெட் என்றால் எழுதிவிட்டு அனுப்புங்கள். பிறருக்குப் பயன்படாத டிக்கெட்டைப் பிரித்துப் பார்ப்பவனும் கீழே போட்டுவிடுவான். எந்தப் பூட்டையும் விட இதையே நான் நம்புகிறேன்.

19 அக்டோபர்

அனுப்பியே ஆக வேண்டும் என்பவர்களுக்கு, கவுன்டரில் கேட்க வேண்டியவை.

பதிவுத் தபாலைத் தனியாகக் கேட்காதீர்கள். இந்த ஆண்டு அது ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. பழைய பதிவுத் தபாலின் சிறப்பு, முகவரியில் உள்ளவரிடம் மட்டுமே கொடுப்பது. அது வேண்டுமென்றால் ஸ்பீடு போஸ்ட்டோடு "பதிவு" என்ற கூடுதல் சேவையைக் கேளுங்கள். ஐந்து ரூபாயும் வரியும். ஓ.டி.பி. சொன்னால்தான் கொடுப்பது என்ற சேவைக்கும் அதே ஐந்து ரூபாய். தனி நபருக்கு, அவருடைய கைபேசி எண்ணைச் சரியாக எழுதி அனுப்பும்போது இந்த ஓ.டி.பி. மிக நல்ல ஏற்பாடு. பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகும் பழக்கத்துக்கு இது முற்றுப்புள்ளி வைக்கிறது.

ரசீதில் பதின்மூன்று இடங்கள் கொண்ட எண் இருக்கும். இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் இந்தியாவைக் குறிக்கும் இரண்டு எழுத்து. அந்த ரசீதின் மை சில மாதங்களில் மங்கும். வாங்கிய இடத்திலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரசீதில் அச்சாகியிருக்கும் எடையையும் பாருங்கள். உள்ளிருந்து ஏதாவது எடுக்கப்பட்டதாகப் புகார் கொடுத்தால் எடைதான் சாட்சி.

உறைக்கு, ஸ்டேஷனரிக் கடையில் கிளாத் கவர் (துணி ஒட்டிய உறை) என்று கேளுங்கள். டிக்கெட்டை மடிக்காமல் ஒரு கடிதத்துக்குள் வைத்து, இரு பக்கமும் அட்டை வைத்து, அதைச் சாதாரண உறையில் இட்டு, பிறகு கிளாத் கவருக்குள் வையுங்கள். மூடிய மடிப்பின் மேல் குறுக்காகக் கையெழுத்திட்டு, அதன் மேல் ஒளிபுகும் டேப் ஒட்டுங்கள். பிரித்தால் கையெழுத்து கலையும். வெளியே "டிக்கெட்", "கவனம்", "மதிப்புள்ளது" என்று எதுவும் எழுத வேண்டாம். அனுப்புநர் முகவரியும் இரு முகவரிகளுக்கும் ஆறு இலக்கப் பின்கோடும் கட்டாயம்.

அரக்கு முத்திரை இன்ஷூர் செய்த கவருக்குத்தான் உரியது. எல்லா முத்திரையும் ஒரே அரக்கில், ஒரே அடையாளத்தோடு இருக்க வேண்டும். நாணயத்தை வைத்து அழுத்தியோ வெறும் கோடுகளைக் கீறியோ வைத்த முத்திரையை ஏற்கமாட்டார்கள், ஏனென்றால் அதை யார் வேண்டுமானாலும் மறுபடி வைத்துவிடலாம். எங்கள் ஆலைக்கென்று பித்தளை முத்திரை ஒன்று இருந்தது. அதை இரும்புப் பெட்டியில்தான் வைத்திருப்போம்.

20 அக்டோபர்

ஓ.டி.பி. பற்றிச் சொன்னதில் ஒரு திருத்தம் தேவை. அலுவலகத்துக்கு அனுப்பும்போது அதைக் கேட்காதீர்கள். அரசு அலுவலகத்தில் தபால் வாங்கும் எழுத்தரிடம் எந்தக் கைபேசிக்கு ஓ.டி.பி. வரும்? கவர் "வழங்க இயலவில்லை" என்று சுற்றிக்கொண்டிருக்கும், உங்கள் முப்பது நாள் கரைந்துகொண்டிருக்கும். அலுவலகங்களுக்கு வழங்கியதற்கான சான்று கேட்பதே சரி. பெற்றுக்கொண்ட கையெழுத்து உங்களிடம் இருக்கும்.

கெடு உள்ள எதற்கும் அனுப்பிய நாளை எண்ணாதீர்கள், போய்ச் சேரும் நாளை எண்ணுங்கள். இடையில் ஞாயிறும் பண்டிகையும் வரும். இன்று தீபாவளி. கவுன்டர் மூடியிருக்கிறது.

23 அக்டோபர்

திண்டுக்கல் தம்பியிடமிருந்து செய்தி. முதலில் போன கிளையில் "இதெல்லாம் இங்கே வாங்குவதில்லை" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கணக்கு இருக்கும் கிளையின் மேலாளர் கேட்டு விசாரித்து வாங்கிக்கொண்டாராம். டிக்கெட் எண்ணும் தேதியும் எழுதி, முத்திரை வைத்து ரசீது கொடுத்திருக்கிறார். அம்மாவும் எழுந்து நடக்கிறாராம். மிகவும் மகிழ்ச்சி, தம்பி. அந்த ரசீதைப் பணம் கணக்கில் ஏறும்வரை பத்திரமாக வையுங்கள். விண்ணப்ப எண் ஏதாவது கொடுத்தால் அதையும் அதே தாளில் குறித்து வையுங்கள்.

24 அக்டோபர்

"அந்தக் காலத்தில் ரூபாய் நோட்டை இரண்டாகக் கிழித்து அனுப்புவார்களாமே, டிக்கெட்டையும் அப்படிச் செய்தால் என்ன?" என்று ஓர் அன்பர் கேட்டிருக்கிறார். உண்மைதான். பிரிட்டிஷ் ஆட்சியில் பெரிய மதிப்புள்ள நோட்டுகளை நடுவே வெட்டி, ஒரு பாதி போய்ச் சேர்ந்ததாகச் செய்தி வந்த பிறகு மறு பாதியை அனுப்பும் வழக்கம் இருந்தது. நோட்டின் எண் இரு பாதிகளிலும் இருந்ததால் ஒட்டிச் சேர்த்து மாற்றிக்கொள்ள முடிந்தது. அந்த அறிவுக்கூர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் இன்றைய டிக்கெட்டில் பார்கோடும் கியூஆர் குறியும் இருக்கின்றன. கிழிந்த டிக்கெட்டோடு போய் நின்றால் பரிசே கைநழுவக்கூடும்.

அந்த யோசனையை வேறு விதமாகப் பயன்படுத்தலாம். குடும்பத்துக்கு நான்கு டிக்கெட் அனுப்புகிறீர்கள் என்றால், இரண்டு கவர்களில் இரண்டு நாளில் அனுப்புங்கள். முதல் கவர் சேர்ந்த செய்தி வந்த பிறகு அடுத்தது. கூடுதல் செலவு ஐம்பது, அறுபது ரூபாய்.

26 அக்டோபர்

லேமினேட் செய்து அனுப்பலாமா என்று கேட்டவருக்கு: கூடாது. இயந்திரத்தில் அச்சாகி வரும் பல டிக்கெட்டுகள் வெப்பத்தாள். லேமினேட்டரின் சூட்டில் முழுத் தாளும் கறுத்துவிடும், எண்ணே தெரியாது. லாட்டரி டிக்கெட் சாதாரண அச்சுத்தாள் என்றாலும், பிளாஸ்டிக்குக்குள் போய்விட்டால் பின்பக்கத்தில் கையெழுத்திடவும் முடியாது, அலுவலகத்தில் சோதிக்கவும் முடியாது. ஸ்டேப்ளர் பின்னும் வேண்டாம், அது பார்கோடின் மேல் விழுந்தால் போச்சு. பசையும் வேண்டாம். மடிக்காமல் வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்து, அந்தத் தாளின் ஓரங்களை மட்டும் ஒட்டினால் போதும்.